இரண்டு கை நிறைய மணிக்கூடு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஸ்ரேசனாருடைய கையில் ஏறி இறங்காத மணிக்கூடு கிடையாது. டாக்குத்தரின் மணிக்கூடு, உறுதி எழுதும் நொத்தாரிசின் மணிக்கூடு, பாதிரியாரின் சங்கிலி மணிக்கூடு எல்லாமே அவருடைய மணிக்கட்டில் சிறிது காலம் குடியிருந்துவிட்டுத்தான் சொந்தக்காரரிடம் திரும்பியிருக்கின்றன. இதில் அதிசயம் என்னவென்றால், அவருக்கென்று சொந்தமாக ஒரு மணிக்கூடு இல்லை.

அவர் மலாயாவில் ரெயில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து, பென்சனோடு எங்கள் அளவெட்டிக்குத் திரும்பியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் பென்சன் கந்தோருக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ஸ்ரேசனார். உத்தியோகத்தில் இருந்தபோது அரசாங்கம் கொடுத்திருந்த மணிக்கூட்டை ஓய்வுபெற்ற அன்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான ஒன்றைத் தேடத் தொடங்கினார். தேடல் பத்து வருடங்களைத் தாண்டிவிட்டது.

ஊருக்கு வரும் வழியில் பினாங்கில் கப்பல் நின்றபோது மணிக்கூட்டுக் கடைக்குப் போனார். கொழும்பில் இறங்கியதும் கோட்டையில் வெள்ளைக்காரர் நடத்தும் கடைக்குப் போனார். சிதம்பர யாத்திரையில்கூட முதலில் கடைவீதியில் மணிக்கூடுகளையும் பிறகு நடராசரையும் தரிசித்தார் என்று கூடப் போனவர்கள் சொல்கிறார்கள். எந்த ஊருக்குப் பயணம் போனாலும் அந்த ஊரின் விலையுயர்ந்த மணிக்கூடுகளைக் கட்டிப் பார்க்காமல் திரும்பமாட்டார். கட்டிப் பார்த்து, நடந்து பார்த்து, கடைசியில், "சாமான் நல்லது. நெஞ்சுதான் சரியில்லை" என்று கழற்றி வைத்துவிடுவார்.

நெஞ்சைச் சோதிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். மணிக்கூட்டைப் பல்லுக்கிடையில் மெதுவாகக் கவ்விக்கொள்வார். இரண்டு சுட்டுவிரல்களாலும் காதுகளை அடைப்பார். கண்ணை மூடுவார். "காதாலை கேட்டா ரோட்டுச் சத்தமும் கடைக்காரன்ரை பொய்யும் சேந்து கேக்கும். பல்லாலை கேட்டா மணிக்கூடு மட்டும்தான் கதைக்கும்" என்பார். அந்த நிலையில் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவருக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு கலியாணம். தாலி கட்டும் நேரம். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துக் கன்னத்தை ஊதிவிட்டார். தவில்காரர் கையை ஓங்கிவிட்டார். ஸ்ரேசனார் பந்தலுக்குள் எழும்பி, "நிப்பாட்டுங்கோ! முகூர்த்தத்துக்கு இன்னும் கிடக்கு!" என்றார். மாப்பிள்ளையின் மணிக்கூட்டையும் ஐயரின் மணிக்கூட்டையும் கழற்றித் தன் கையில் கட்டி ஒத்துப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி, நாதஸ்வரக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி, சபை முழுவதும் பொம்மைக் கொலுப் போலக் காத்திருந்தது. பிறகு அவர் கையை இறக்கினார், மேளம் முழங்கியது. அந்தத் தம்பதிக்கு இப்போது ஐந்து பிள்ளைகள். ஐந்தும் தாம் பார்த்துக் கொடுத்த நேரத்தின் பலன் என்பது ஸ்ரேசனாரின் கணக்கு.

இப்படிப்பட்டவரை நம்பி என் மகளின் எதிர்காலத்தை ஒரு பின்னேரம் ஒப்படைத்தேன். அது நடந்து சில மாதங்களாகின்றன. இன்றும் ரெயில் கூவினால் நான் செருப்பைத் தேடுகிறேன்.

என் மூத்த மகள் மங்கைக்கு டாக்குத்தர் படிப்புக்கு நேர்முகப் பரீட்சை வந்திருந்தது. மறுநாள் காலையில் கொழும்பில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் இல்லை. கல்லூரியிலிருந்து வந்த அறிவித்தலில் அதை எவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கொழும்பில் கோட்டை ஸ்ரேசனுக்கு என் தம்பி வந்து கூட்டிப்போவான். ஆனால் குமர்ப்பிள்ளையை இரவு ரெயிலில் தனியே அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. வயதான ஆண்துணை ஒன்று வேண்டும். என் கணவர் மலாயாவில், ஈப்போவில் கந்தோரொன்றில் எழுதும் லிகிதராக இருக்கிறார். நான் போகலாமென்றால், சின்னவன் நெருப்புக்காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தான். ஸ்ரேசனார் தாமாக வந்து, "நான் கூட்டிக்கொண்டு போறன் தங்கச்சி. வாழ்நாளிலை ஒரு ரெயில் தவறவிட்டவன் இல்லை நான்" என்றார். அது உண்மை. அவர் வேலை பார்த்த காலத்தில் ரெயில்கள்தான் அவரிடம் வந்தன.

போதாததற்கு என் கணவர் எழுதியிருந்தார்: டாக்குத்தருக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு நாடி பார்க்கச் செக்கன் முள்ளுள்ள நல்ல கைமணிக்கூடு வேண்டும், ஸ்ரேசனாரைக் கேட்டு வாங்கு. இந்தக் கடைசி வசனத்துக்காக அவரோடு நான் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை.

வழக்கமாக நாங்கள் மல்லாகத்தில் ரெயில் ஏறுவோம். மணிக்கூடு வாங்க வேண்டியிருந்தபடியால் வாடகைக் கார் பிடித்துப் பட்டினத்துக்குப் போய், பெரியகடை வீதியில் வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் இரவு மெயில் ரெயிலைப் பிடிப்பது என்று ஏற்பாடு.

கடை முதலாளி கோட்டும் குங்குமப் பொட்டுமாக நின்றார். ஸ்ரேசனாரின் குடையைக் கண்டதும் அவருடைய முகம் மழைக்கு இருண்ட வானம்போல இருண்டது.

"ஐயா, போன கிழமையும் வந்து எல்லாத்தையும் கட்டிப் பாத்தனீங்கள் தானே?"

"போன கிழமை மழை. இண்டைக்கு வெயில். மணிக்கூட்டின்ரை குணம் மாறும். உந்தத் தட்டை இஞ்சாலை எடும்."

நீல வெல்வெட்டில் சுவிஸ் மணிக்கூடுகள் வந்தன. மங்கை ஒரே பார்வையில் ஒன்றைத் தொட்டாள். வெள்ளை முகம், கறுத்த எண்கள், மெல்லிய செக்கன் முள்ளு, ஒரு சோடனையும் இல்லை.

"அம்மா, இது காணும்."

"பிள்ளை," என்றார் ஸ்ரேசனார், "மணிக்கூடு எண்டிறது மாப்பிள்ளை மாதிரி. கண்ட உடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது."

"நீங்கள் இத்தனை வருசமாப் பாக்கிறியள் மாமா. ஒரு கலியாணமும் ஒப்பேறேல்லையே!"

முதலாளி சிரிப்பை விழுங்கினார். ஸ்ரேசனார் காதில் போட்டுக்கொள்ளாமல் அவள் தொட்டதைத் தன் இடது கையில் கட்டினார். மணிக்கட்டு பெரிது, வார் சிறிது. கடைசித் துளைவரை இழுத்துக் கட்டினார். அதற்கு மேலே ஒன்று. அதற்கும் மேலே ஒன்று. இடது கை முழங்கைவரை நிரம்பியதும் வலது கையில் தொடங்கினார். ஒன்றோடொன்றை ஒப்பிட வேண்டுமாம். பிறகு இரண்டு கைகளையும் வீசிக் கடைக்குள் மேலும் கீழுமாக நடந்தார். முதலாளி அவருக்குப் பின்னால், நடக்கப் பழகும் குழந்தையைக் காக்கும் தாய்போலக் கைகளை விரித்தபடி நடந்தார்.

நான் அவருக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணை, ரெயிலுக்கு நேரமாகுது."

"எந்த மணிக்கூட்டின்படி?"

நான் சுவரைப் பார்த்தேன். அங்கேதான் என் சித்திரவதை இருந்தது. அந்தக் கடையில் எத்தனை மணிக்கூடு உண்டோ அத்தனை நேரம் உண்டு. ஒன்றின்படி ரெயில் போய்விட்டது. இன்னொன்றின்படி நாங்கள் இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. மூலையில் நின்ற பெரிய மணிக்கூடு திடீரென்று பன்னிரண்டு அடித்தது. எது உண்மையென்று முதலாளியைக் கேட்டேன்.

"என்ரை மணிக்கூடுதான் சரி அம்மா," என்று சட்டைப்பையைத் தொட்டவர், வெறும் பையைத் தடவிவிட்டு ஸ்ரேசனாரின் வலது கையைப் பார்த்தார். அதுவும் அங்கேதான் ஏறியிருந்தது.

தூரத்தில் ரெயில் கூவியது. நான் மகளின் கையைப் பிடித்தேன்.

"அது வாற கூவல்," என்றார் ஸ்ரேசனார் திரும்பாமலே. "வந்து, தண்ணி பிடிச்சு, தபால் ஏத்தி, பிறகுதான் போற கூவல். ரெயிலுக்கு ரெண்டு குரல் இருக்குத் தங்கச்சி. போற குரல் கேட்டாத்தான் எழும்ப வேணும். அதுக்கு இன்னும் கிடக்கு. இந்த ஒண்டின்ரை நெஞ்சை மட்டும் பாத்திட்டு வாறன்."

தட்டில் மிஞ்சியிருந்த கடைசி மணிக்கூட்டைப் பல்லில் கவ்வினார். காதுகளை அடைத்தார். கண்ணை மூடினார்.

போகிற குரல் அப்போதுதான் கேட்டது.

மங்கை, "மாமா!" என்று கத்தினாள். நான் கத்தினேன். முதலாளியும் கத்தினார். ஸ்ரேசனாரின் முகத்தில் மட்டும் கர்ப்பக்கிருகத்தின் அமைதி. நான் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, பொறு என்பதுபோல ஒரு விரலைக் காதிலிருந்து எடுத்து உயர்த்தினார். அந்தக் காதுக்குள் ரெயிலின் குரல் போயிருக்க வேண்டும். அவருடைய முகம் சுண்ணாம்பானது. வாயிலிருந்த மணிக்கூடு நழுவ, முதலாளி பாய்ந்து அதைக் கையிலேந்தினார்.

நாங்கள் காருக்குள் விழுந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கார் நகர்ந்த பிறகுதான் முதலாளிக்கு மற்றவற்றின் நினைவு வந்தது.

"ஐயா! மணிக்கூடு! என்ரை மணிக்கூடுகள்!" என்று ஓடி வந்து, காரின் மிதிபலகையில் தொற்றி, ஜன்னலுக்குள் தலையை விட்டு, எப்படியோ முன் ஆசனத்தில் ஸ்ரேசனாரின் மடியில் வந்து சேர்ந்தார். கடை திறந்தது திறந்தபடி கிடந்தது.

யாழ்ப்பாணம் ஸ்ரேசன் வாசலுக்கு நாங்கள் போனபோது மேடையில் கடலைக்காரி மட்டும் நின்றாள்.

"கண்டி றோட்டாலை விடு," என்றார் ஸ்ரேசனார் ட்றைவரிடம். "தென்மராட்சியிலை பிடிக்கலாம்."

அரியாலையைக் கடந்து கார் பறந்தது. நான் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவளானபடியால் யேசுவையும் விடவில்லை. பக்கத்தில் மங்கை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று அணைத்தேன். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். முன்னால் பார்த்தேன். குழியில் கார் விழும் ஒவ்வொரு முறையும் முதலாளி ஒரு மணிக்கூட்டின் வாரைப் பிடித்து இழுக்கிறார். ஸ்ரேசனார் கையை மடக்குகிறார்.

"விடும் முதலாளி! ஓடுற காரிலைதான் மணிக்கூட்டின்ரை உண்மைக் குணம் தெரியும்."

"ஐயா, உங்களுக்கு விசரோ? அந்தப் பிள்ளையின்ரை தாயின்ரை முகத்தைப் பாருங்கோ!"

ஸ்ரேசனார் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

நாவற்குழிப் பாலம் தாண்டி ஓரிடத்தில் ரெயில் கடவை பூட்டியிருந்தது. கார் நின்றது. பனைகளுக்கு மேலே புகை எழும்பியது. பிறகு ரெயில் வந்தது. நாங்கள் அதை எட்டிவிட்டோம்! எட்டி என்ன பயன்? அதில் இருக்க வேண்டிய என் மகள் என் பக்கத்தில் இருந்தாள். ஒவ்வொரு பெட்டியாக எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. ஒரு பெட்டியில் ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு வந்த பொறாமையை எழுதிக் காட்ட முடியாது.

கடவை திறந்ததும் மறுபடி ஓட்டம். அடுத்து நாங்கள் போய்ச் சேர்ந்தது தென்மராட்சியில் ஒரு ஸ்ரேசன். அதன் பெயரைச் சொன்னால் ஒரு நல்ல மனிதரின் உத்தியோகத்துக்கு ஆபத்து வரலாம். நாங்கள் மேடைக்குள் ஓடும்போது கார்ட் பச்சைக் கொடியை மடித்துவிட்டார். ரெயில் நகரத் தொடங்கியிருந்தது.

மங்கை நின்றுவிட்டாள். "அம்மா," என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

அப்போது ஸ்ரேசனார் மேடையின் விளிம்புக்குப் போய், கடைசிப் பெட்டியில் வந்துகொண்டிருந்த கார்ட்டுக்கு நேரே, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராக உயர்த்தினார். கொடியும் விளக்கும் இல்லாத இடத்தில் ரெயிலை நிறுத்த ரெயில்வேக்காரர் காட்டும் அபாயச் சைகை அது என்று பிறகு அறிந்தேன். சட்டைக் கை வழுகித் தோளுக்கு இறங்கியது. மாலை வெயில் அத்தனை மணிக்கூடுகளிலும் பட்டுத் தெறித்தது. பத்துத் தலை இராவணன்கூட அப்படி மினுங்கியிருக்கமாட்டான்.

கார்ட்டுக்குக் கண் கூசியதோ, சைகை விளங்கியதோ தெரியாது. பிறேக்கைப் போட்டார். ரெயில் கிறீச்சிட்டு நின்றது.

உடனே ஸ்ரேசன் மாஸ்ரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆர் ரெயிலை நிப்பாட்டினது?"

"நான்தான். ஸ்ரேசன் மாஸ்ரர்."

"இந்த ஸ்ரேசனுக்கு மாஸ்ரர் நானல்லோ! ஓய், நீர் எந்த ஸ்ரேசன்?"

"பேராக் பக்கம். மலாயா."

"அப்ப மலாயா ரெயிலை நிப்பாட்டும்! இது என்ன விளையாட்டோ? கையெல்லாம் மணிக்கூடு, களவெடுத்த சாமானோ உது?"

"ஓம் ஐயா!" என்றார் முதலாளி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை ஐயா. கட்டிப் பாக்கிறார்," என்றார்.

மாஸ்ரர் தீர்ப்பைச் சொன்னார். பயணிகள் ஏறலாம். ரெயிலை நிறுத்தியவர் மட்டும் இங்கே நின்று வாக்குமூலம் தர வேண்டும். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த ரெயிலில் அவர் போக ஏலாது.

துணைக்கு வந்தவர் போக ஏலாது. துணை இல்லாமல் பிள்ளை போகக்கூடாது. காய்ச்சலில் கிடந்தெழும்பிய சின்னவன் வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறான். கார்ட் விசிலை வாயில் வைத்துவிட்டார். அந்த ஒரு கணத்தில் எங்கள் ஊரிலுள்ள அத்தனை வாய்களும் என் காதுக்குள் கதைத்தன. குமரைத் தனிய அனுப்பினவள்!

"அம்மா, நான் போறன்," என்றாள் மங்கை.

நான் அவளைப் பிடித்த கையை விட்டேனா, அவள் உருவிக்கொண்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். ஸ்ரேசனார் ஓடிப்போய், மணிக்கட்டில் எல்லாவற்றுக்கும் முதலாகக் கட்டியிருந்ததைப் பல்லால் இழுத்துக் கழற்றி ஜன்னலுக்குள் நீட்டினார்.

"பிள்ளை, நீ தொட்டதுதான் சரி. இதுக்கு நல்ல நெஞ்சு."

ரெயில் போய்விட்டது. நான் மேடையிலிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். முதலாளி ஸ்ரேசனாரின் கைகளிலிருந்து மிச்ச மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவர் ஊசி போட வந்த பிள்ளைபோலக் கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மாஸ்ரரிடம் போனார்.

"உமக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கோ?"

"மூண்டு," என்றார் மாஸ்ரர், சந்தேகத்தோடு.

"அப்ப அடுத்த ஸ்ரேசனுக்குத் தந்தியிலை ஒரு சொல்லுத் தட்டும். பெண்கள் பெட்டி. பச்சைச் சேலை. தனிய. விசாரிக்கவும். மணிக்கூட்டையும் பாக்கவும். அங்கையிருந்து அதுக்கடுத்த ஸ்ரேசனுக்கு. அப்பிடியே கொழும்புமட்டும்."

"பிள்ளையைப் பாக்கலாம். மணிக்கூட்டை ஏன் ஐயா பாக்கிறது?"

"சுகமோ எண்டு கேட்டா எந்தப் பிள்ளையும் உள்ளுக்கை இருந்து ஓம் எண்டு சொல்லிப்போடும். மணி என்ன எண்டு கேட்டா, கையை வெளிச்சத்துக்கு நீட்ட வேணும். அப்ப முகம் தெரியும். முகத்தைக் கண்டாத்தான் பயந்திருக்கோ எண்டு தெரியும்."

மாஸ்ரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு உள்ளே போய்த் தந்தியைத் தட்டத் தொடங்கினார். நாங்கள் மூவரும் அந்த டக்டக்கென்ற சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றோம். சற்றுப் பொறுத்துப் பதில் தட்டி வந்தது. மாஸ்ரர் வாசித்தார்: பிள்ளை சுகம். முகம் தெளிவு. மணிக்கூடு சரி.

அப்போதுதான் நான் அழுதேன். கண்ணைத் துடைக்க முதலாளி தம் கோட்டுப் பையிலிருந்த லேஞ்சியை நீட்டினார்.

சின்னவனுக்காக நான் அதே காரில் திரும்ப வேண்டியிருந்தது. மங்கையின் மணிக்கூட்டுக் காசை முதலாளியிடம் அந்தக் காரில் வைத்துத்தான் எண்ணிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஸ்ரேசனார் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். கண் இரண்டும் செவ்வரத்தம்பூ.

"கோட்டையிலை இறங்கீட்டா தங்கச்சி. உம்மடை தம்பி வந்து கூட்டிக்கொண்டு போட்டான். மணிக்கூடு அரை நிமிசம் பிந்துதாம். சொன்னவன்ரை மணிக்கூடு பிழையாயிருக்கும்."

வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு, எச்சரித்து, போகலாம் என்று மாஸ்ரர் அன்று மாலையே சொல்லிவிட்டாராம். இவர் போகவில்லை. கடைசிச் செய்தி வரும்வரை அந்தத் தந்தி மேசைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

மங்கைக்கு இடம் கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் அவளைக் கேட்ட முதற்கேள்வி, ஏன் கண் இப்படிச் சிவந்திருக்கிறது என்பதாம். எப்படிச் சிவக்காது? ஆனையிறவிலிருந்து தொடங்கி, ரெயில் நின்ற இடமெல்லாம் தொப்பி போட்ட ஒருவர் ஜன்னலைத் தட்டி மணி கேட்டிருக்கிறார். தமிழில் கேட்டார்கள், சிங்களத்தில் கேட்டார்கள், இங்கிலீசில் கேட்டார்கள். ஓரிடத்தில் தட்டியவர் வாழைப்பழமும் கொடுத்தாராம். பெட்டியில் இருந்த மற்றப் பெண்கள், இவள் யாரோ பெரிய ரெயில்வே அதிகாரியின் மகள் என்று நினைத்து, கால் நீட்டிப் படுக்க இடம் விட்டிருக்கிறார்கள். பாவம், படுக்கத்தான் முடியவில்லை.

கடை முதலாளி அந்த வகை மணிக்கூட்டை இப்போது, "ரெயிலை நிப்பாட்டின சாமான்" என்று சொல்லி விற்கிறார். ஸ்ரேசனார் உள்ளே வந்தால் மட்டும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் தட்டை எடுக்கிறார். அவர் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. எதற்கும் நெஞ்சு சரியில்லையாம்.

எங்கள் வீட்டிலிருந்து யாராவது பயணம் புறப்பட்டால் இப்போதெல்லாம் நான் முதலில் அவருடைய படலைக்குத்தான் போகிறேன். துணைக்குக் கேட்டல்ல. இன்ன ரெயில், இன்ன பெட்டி என்று சொல்லிவிட்டு வருவேன். அவருக்குத் தெரிந்திருந்தால் எனக்கு நித்திரை வருகிறது.